குழாயை அடைத்து ஓடை அணையில் தண்ணீர் தேக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது: பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவே செம்மண் மேட்டில் ஒரு கிராமம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஊருக்கு மேலே ஓடையின் குறுக்கே சின்னதாக ஒரு மண் அணை கட்டியிருக்கிறார்கள். உயரம் 6 மீட்டர். அடியில் ஷட்டர் இல்லாத 3 அடிக் குழாய், ஓரத்தில் கலங்கல் (அணை நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம்). வருஷத்தில் பத்து மாதம் உள்ளே தண்ணீரே இருக்காது, ஆடுதான் மேயும். குழாயின் வாயை அடைத்தால் தண்ணீர் நிற்கும், போர்வெல்லில் மட்டம் ஏறும் என்று ஊரில் பேச்சு. அதே சமயம் ஃபெஞ்சல் புயல் மழையில் கரையின் அடிப்பக்கம் ஈரம் கசிந்தது, ஊருக்குள் முழங்கால் அளவு தண்ணீரும் வந்தது. அணை இருந்தும் வெள்ளம் வந்ததென்றால் அதைத் தண்ணீர் தேக்கவாவது வைத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். அடைக்கலாமா?

தம்பி, அடைக்கக் கூடாது. ஊரில் நாலு பேர் மூட்டையும் மண்வெட்டியுமாகக் கிளம்பினால் நின்று தடுக்க வேண்டிய விஷயம் இது. ஆனால் "கூடாது" என்று சொன்னால் மட்டும் ஊர் கேட்காது. காரணத்தைக் கணக்கோடு சொன்னால்தான் எடுபடும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நம் பக்கம் கரை என்றாலே ஏரிக்கரைதான் நினைவுக்கு வரும். வீராணம், வெலிங்டன், பெருமாள் ஏரி, அந்தப் பக்கம் பாகூர், ஊசுட்டேரி எல்லாமே தண்ணீரைத் தேக்கிப் பாசனத்துக்கு விடுவதற்குக் கட்டியவை. நிரம்பினால் சந்தோஷம், காய்ந்தால் கவலை. உங்கள் ஓடை அணையின் வேலை இதற்கு நேர் எதிர். அது காலியாக இருந்தால்தான் பயன். அங்கே ஆடு மேய்கிறது என்றால் அணை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளம் வரும்போது அந்தக் காலி இடம் நிரம்பி, குழாய் வழியாக மெதுவாக வடிந்து, அடுத்த மழைக்குள் மறுபடி காலியாக வேண்டும். குழாய்க்கு ஷட்டர் வைக்காமல் விட்டதும் இதற்காகத்தான். ஷட்டர் இருந்தால் யாராவது மூடுவார்கள். நடுராத்திரி மழையில் அதைத் திறக்க ஆள் இருக்காது.

இப்போது கணக்கு. ஓடைக்கு மேலே மழைநீர் வந்து சேரும் பரப்பு 4 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் ஆயிரம் ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவில் 20 செ.மீ. மழை பெய்கிறது. முந்திரித் தோப்பும் செம்மண்ணும் பாதியைக் குடித்துக்கொண்டாலும் மீதி 10 செ.மீ. ஓடி வரும். அது 4 லட்சம் கன மீட்டர். நான்கு மணி நேரத்தில் வந்து சேர்ந்தால் சராசரியாக வினாடிக்கு ஆயிரம் கன அடி. அணையில் கலங்கல் மட்டம் வரை 2 லட்சம் கன மீட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் பேசும் கணக்கில் 7 மில்லியன் கன அடி. (வீராணத்தின் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. உங்கள் அணை அதில் இருநூறில் ஒரு பங்கு. சின்ன அணைதான்.) அடிக்குழாய், தண்ணீர் 4 மீட்டர் நிற்கும்போது வினாடிக்கு நூறிலிருந்து நூற்று முப்பது கன அடி வரை வெளியே விடும்.

அணை காலியாக இருந்தால் முதல் இரண்டு மணி நேரத்து வெள்ளத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஊருக்கு வருவது ஆயிரம் கன அடியில் எட்டில் ஒரு பங்குதான். அதன் பிறகுதான் கலங்கல் வழிய ஆரம்பிக்கும். மழை விட்ட பிறகு தேங்கியது முழுவதும் வடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இதே அணையில் முன்கூட்டியே தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தால்? முதல் நிமிடத்திலிருந்தே வருகிற ஆயிரம் கன அடியும் கலங்கல் வழியாக ஊருக்குப் போய்விடும். அணை கட்டாமல் விட்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் இப்போது ஊர் தலைக்கு மேலே 2 லட்சம் கன மீட்டர் தண்ணீர் கூடுதலாக நிற்கிறது. மண் கரை உடைந்து அது அரை மணி நேரத்தில் வெளியேறினால் வினாடிக்கு நான்காயிரம் கன அடி. ஓடை தானாகக் கொண்டுவந்திருக்கக்கூடிய வெள்ளத்தைப் போல நான்கு மடங்கு.

காலி அணை என்பது இங்கே யாரோ ஒருவர் மூளையில் புதிதாக உதித்தது இல்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரத்தை 1913-ல் பெருவெள்ளம் மூழ்கடித்தது. அதன் பிறகு ஆர்தர் மார்கன் என்ற பொறியாளர் நகரத்துக்கு மேலே ஐந்து மண் அணைகளைத் திட்டமிட்டார். 1922-ல் முடிந்தன. ஐந்திலும் கதவு கிடையாது. அடியில் திறந்த வழி மட்டும். வெள்ளம் வந்தால் பின்னால் தேங்கும், தானாக வடியும். மற்ற நாட்களில் உள்ளே விவசாயம். நூறு ஆண்டுகளாக அப்படித்தான் ஓடுகிறது. பிறகு 1948 முதல் அதே நாட்டில் ஓடைகளின் மேற்பகுதியில் சின்னச் சின்ன மண் அணைகளாக ஆயிரக்கணக்கில், பத்தாயிரத்துக்கும் மேலாகக் கட்டினார்கள். உங்கள் ஊர் அணையும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான்: அடியில் குழாய், ஓரத்தில் வழிந்தோட ஒரு வழி.

சரி, அப்படியென்றால் ஃபெஞ்சலில் ஏன் ஊருக்குள் தண்ணீர் வந்தது? 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல். மயிலம் பக்கம் 50 செ.மீ. 2015 நவம்பர் 9-ல் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. பெய்து, விசூர், பெரியகாட்டுப்பாளையம் பகுதியில் ஓடை வெள்ளம் வீடுகளோடு மனிதர்களையும் அடித்துக்கொண்டு போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி மழையில் 30 செ.மீ. ஓடி வந்தால் உங்கள் ஓடையில் 12 லட்சம் கன மீட்டர். அணை பிடிப்பது அதில் ஆறில் ஒரு பங்கு. மீதி வழியத்தான் செய்யும், அப்படி வழிவதற்குத்தான் கலங்கல். அணை இல்லாமலிருந்தால் முழங்கால் தண்ணீர் இடுப்பு வரை வந்திருக்குமா, எவ்வளவு வேகமாக வந்திருக்கும் என்பதை யாரும் பார்த்திருக்க முடியாது. அதனால்தான் இந்த மாதிரி அணைகளுக்கு ஊரில் நல்ல பெயர் கிடைப்பதில்லை. 10 செ.மீ. மழை பெய்து, ஓடி வந்தது முழுவதையும் அணை வாங்கிக்கொண்டு, காலையில் ஊர் வழக்கம்போல எழுந்திருக்கிற நாட்களும் நடுவில் இருந்திருக்கும். அதை யாரும் அணையின் கணக்கில் எழுதுவதில்லை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதே வாரம் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் வேறு கதை. மேலே கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை பக்கத்து மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. கடலூர் வடிகால் மாவட்டம். மேலே எங்கே பெய்தாலும் தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று எல்லாம் இங்கேதான் கடலுக்கு வருகிறது. அந்த ஆறுகளுக்கு எதிராக உங்கள் ஓடை அணையால் ஒன்றும் செய்ய முடியாது. அது தனக்கு மேலே பெய்யும் ஆயிரம் ஏக்கர் மழைக்கு மட்டும்தான் பொறுப்பு. கீழே போகப் போக, பக்கத்து ஓடைகள் வந்து சேரச் சேர, அதன் உதவியும் கரைந்துவிடும்.

கலங்கலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மண் அணையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கான்கிரீட் அணை மேல் தண்ணீர் வழிந்தாலும் தாக்குப்பிடிக்கலாம். மண் கரை மேல் ஒரு சாண் தண்ணீர் வழிந்தாலே வெளிச்சரிவில் மண் அரிக்க ஆரம்பிக்கும். அரிப்பு கீழிருந்து மேலே ஏறி, உச்சியை வெட்டிவிட்டால் அதற்கு மேல் நிறுத்த ஆளில்லை. 1979-ல் குஜராத்தில் மச்சு அணையின் மண் கரைகள் அப்படித்தான் போயின. மோர்பி ஊர் அழிந்தது.

உங்கள் கலங்கல் 20 மீட்டர் நீளம், அதன் மட்டத்திலிருந்து கரை உச்சி ஒன்றரை மீட்டர் உயரம் என்று வையுங்கள். அலைக்கும் கரை அமுங்குவதற்கும் அரை மீட்டரை விட்டால், வெள்ளம் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கலங்கலில் பாயலாம். அப்போது வெளியேறுவது சுமார் 1,200 கன அடி. யாரோ தண்ணீரைத் தேக்க ஆசைப்பட்டு அரை மீட்டருக்கு மணல் மூட்டை அடுக்குகிறார்கள். இனி பாய அரை மீட்டர்தான் மிச்சம். ஆழம் பாதியானால் பாய்வதும் பாதியாகும் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. அது 425 கன அடியாக, மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒரு வரிசை மூட்டைக்கு இவ்வளவு விலை. ஏரிக் கலங்கல்களில் குத்துக்கல் நட்டு, மழைக்காலம் முடிகிற சமயம் பார்த்து நடுவில் புல்லும் களிமண்ணும் வைத்து மட்டத்தை உயர்த்துகிற வழக்கம் நம்மிடம் பழையது. அதை ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும், விவரம் தெரிந்த நீர்க்கட்டி செய்தார், மழை வந்தால் எடுத்தும் விட்டார். அந்தப் பழக்கத்தை அப்படியே ஓடை அணைக்குக் கொண்டுவரக் கூடாது.

கலங்கலுக்குக் கீழே போகும் வாய்க்காலையும் ஒரு தடவை நடந்து பாருங்கள். அதில் யாராவது சவுக்கு நட்டிருக்கலாம், வேலி போட்டிருக்கலாம், டிராக்டர் போக மண்ணைக் கொட்டி மேடாக்கியிருக்கலாம். மூன்றுமே மூட்டை அடுக்கியதற்குச் சமம்.

அடிக்குழாய்க்கும் இதே கவனம் வேண்டும். குழாய் வாயில் கம்பித் தடுப்பு இருக்கிறதா? கருவேல முள், முந்திரிக் கிளை, வாழைத் தண்டு, பிளாஸ்டிக் பை எல்லாம் முதல் வெள்ளத்திலேயே வந்து அடைத்துக்கொள்ளும். தடுப்பு குழாய் அளவுக்கே இருந்தால் பத்து நிமிடத்தில் மூடிப்போகும். குழாய் வாயைவிடப் பல மடங்கு பெரிதாக, சாய்வாக இருக்க வேண்டும். இதைக் கட்டாயம் ஊரில் சொல்லி வையுங்கள்: தண்ணீர் நிற்கும்போது அடைப்பை எடுக்கிறேன் என்று யாரும் குழாய் வாய்ப் பக்கம் இறங்கக் கூடாது. அடைப்பு விட்ட நொடியில் குழாய் ஆளை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு நன்றாக நீச்சல் தெரிந்தாலும் மீள முடியாது.

இனி கசிவு. நீங்கள் போகிற போக்கில் கேட்டிருந்தாலும் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். மண் கரை என்றால் கொஞ்சம் கசியும். கசியாத கரை கிடையாது. தண்ணீர் மட்டும் வருகிறதா, மண்ணையும் கொண்டு வருகிறதா என்பதுதான் விஷயம். அடுத்த மழையில் உள்ளே இருப்பது தெரிகிற ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போங்கள். கசிகிற இடத்தில் பிடித்து, ஒரு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் ஒன்றும் படியாவிட்டால் இப்போதைக்குப் பயமில்லை. இடத்தைக் குச்சி நட்டு அடையாளம் வைத்து, எவ்வளவு வருகிறது என்று நாள்தோறும் பாருங்கள். தண்ணீர் கலங்கி வந்தாலோ, அடியில் செம்மண் படிந்தாலோ, கரைக்குள்ளே எங்கோ ஒரு வழி அரித்துக்கொண்டிருக்கிறது. அது வெளிமுனையில் தொடங்கி உள்ளே தண்ணீர் நிற்கும் பக்கம் நோக்கிப் போகும். அந்தப் பக்கத்தைத் தொட்டுவிட்டால் அப்புறம் மணிக்கணக்கு இல்லை, நிமிடக் கணக்குதான். கரையடியில் சின்ன ஊற்று கொப்பளித்து, சுற்றிலும் மணல் வளையம் கட்டியிருந்தால் அதுவும் இதே கதைதான்.

அப்படி ஒன்றைப் பார்த்தால் கை உடனே களிமண்ணையோ சிமென்ட் மூட்டையையோ தேடும், ஓட்டையை அடைக்கச் சொல்லும். செய்யாதீர்கள். தண்ணீரை அடைத்தால் அழுத்தம் ஏறி வேறு இடத்தில், பெரும்பாலும் இன்னும் மேலே, பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீரைப் போக விட்டு மண்ணை மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும். கசிவின் மேல் முதலில் மணல், அதன் மேல் பொடி ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி என்று போடுங்கள். ஊற்றாக இருந்தால் சுற்றி மணல் மூட்டையால் கிணறு மாதிரி வளையம் கட்டி, உள்ளே தண்ணீர் கொஞ்சம் உயர விடுங்கள். வெளியே வருவது தெளிந்துவிட்டால் வேலை செய்கிறது என்று பொருள். அதற்குள் கீழே உள்ளவர்களை எழுப்பிவிட வேண்டும். ஒரு லோடு ஆற்று மணலும் ஒரு லோடு ஜல்லியும் ஐப்பசிக்கு முன்பே கரை ஓரம் கொட்டி வைத்திருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஜல்லி தேட முடியாது.

உங்கள் கசிவு குழாய் வெளியே வரும் இடத்துக்குப் பக்கத்தில் என்றால் எனக்குக் கூடுதல் கவலை. மண் கரையில் எப்போதும் பலவீனமான இடம் அதுதான். பெரிய ரோலர் குழாயை ஒட்டி வர முடியாது. குழாயின் கீழ் வளைவில் மண்ணை ஆள் வைத்துக் கையால்தான் திமிசு போட வேண்டும். சாயங்காலம் ஆகிவிட்டால் அங்கே யார் ஒழுங்காகப் போடுகிறார்கள்? முன்பெல்லாம் குழாயைச் சுற்றி இடையிடையே கான்கிரீட் வளையம் வைப்பார்கள். தண்ணீர் சுற்றிப் போக வேண்டியிருக்கும், அதனால் கசியாது என்ற நம்பிக்கை. அந்த வளையத்தின் மூலையிலும் மண் சரியாக இறுகாது என்று கண்டபின், இப்போது குழாயின் வெளிப்பக்கப் பாதியில் சுற்றிலும் சலித்த மணலால் ஒரு திரை வைப்பதே சரியான முறை. வருகிற தண்ணீரை அது வாங்கி வெளியே விடும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் அணையில் அது இருக்கிறதா என்று வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். இல்லாவிட்டால், வெளிப்பக்கம் தோண்டி இப்போதும் வைக்கலாம். பெரிய செலவில்லை. ஆனால் கோடையில், பொறியாளர் நின்று செய்ய வேண்டிய வேலை.

மண்ணின் குணத்தையும் நீங்களே ஒரு மாதிரிக்குச் சோதித்துப் பார்க்கலாம். கரையிலிருந்து பட்டாணி அளவு மண் கட்டி நாலைந்து எடுத்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மெதுவாகப் போடுங்கள். கலக்கக் கூடாது. கட்டி சரிந்து அடியில் குவிந்து, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் நல்லது. கட்டியைச் சுற்றி பால் கலந்த மாதிரி ஒரு புகை மண்டி, அது படியாமல் பரவினால் அந்தக் களிமண் தண்ணீரில் தானாகப் பிரிகிற ரகம். அந்த மண்ணில் மயிரிழை வெடிப்பு போதும், உள்ளே குகையாகிவிடும். ஒன்று கவனம்: போர் தண்ணீரில் இந்தச் சோதனை செய்தால் ஏமாந்துபோவீர்கள். அதில் உள்ள உப்பு, பிரிகிற மண்ணையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கும். மழைத் தண்ணீரையோ, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

காலியாக இருக்கும் அணைக்கென்றே ஒரு வியாதி உண்டு. ஏரிக்கரை பெரும்பாலும் ஈரத்தில் இருக்கும். உங்கள் கரையோ பங்குனியிலிருந்து ஆவணி வரை வெயிலில் காய்கிறது. களிமண் அதிகமாக இருந்தால் வெடிக்கும். அந்த வெடிப்போடு இருக்கும் கரைக்குப் பின்னால், ஒரே ராத்திரியில் 4 மீட்டர் தண்ணீர் ஏறுகிறது. வெடிப்பு ஊறி மூடிக்கொள்ள நேரமே கிடையாது. புதிதாகக் கட்டிய அணைக்கு முதல் தடவை தண்ணீர் நிரப்பும்போதுதான் ஆபத்து அதிகம் என்பார்கள். இந்த அணைக்கு ஒவ்வொரு ஐப்பசியும் முதல் தடவைதான். அதனால் புரட்டாசியில் ஒரு நாள் கரை முழுவதும் நடந்து வெடிப்பு பார்க்க வேண்டும். கரையின் நீளவாக்கில் ஓடும் வெடிப்பு, சரிவு நழுவுவதைக் காட்டலாம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் குறுக்கே ஓடும் வெடிப்புதான் தண்ணீருக்கு நேர் வழி. மேலாக மண்ணைத் தூவி மூடினால் பிரயோஜனமில்லை. வெடிப்பு முடியும் ஆழம் வரை வெட்டி எடுத்து, ஈரப் பதமான மண்ணை ஒரு சாணுக்கும் குறைவான அடுக்காகப் போட்டு இடிக்க வேண்டும். பதம் பார்க்க, ஒரு கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது, இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதாது. அப்பளம் மாதிரி தட்டையானால் அதிகம்.

எலி வளை, நண்டு வளை, கரையான் புற்று எல்லாவற்றையும் அதே நடையில் பார்த்துவிடலாம். 2019 ஜூலையில் மகாராஷ்டிராவில் ரத்னகிரி மாவட்டத்துத் திவாரே என்ற ஊரில் ஒரு சிறிய மண் அணை இரவில் உடைந்து சுமார் 20 பேர் செத்தார்கள். நண்டு துளைத்ததால் உடைந்தது என்று அமைச்சர் ஒருவர் சொல்லப்போய் நாடே சிரித்தது. கசிவு பற்றி ஊர்க்காரர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. நண்டு வளை கசிவுக்கு ஒரு வழி கொடுக்கலாம். அதைப் பார்த்து அடைக்காமல் விட்டது நண்டின் குற்றமா?

மரம் நடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். கரை மேல் வேண்டாம். மரம் நிற்கும்போது பிடிப்பாகத்தான் தெரியும். பட்டுப்போய் வேர் மட்கினால் கரைக்குள் குழாய் போட்ட மாதிரி ஆகிவிடும். தானே புயல் மாதிரி ஒரு காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும். சீமைக் கருவேலத்தைச் சின்னதிலேயே பிடுங்கிவிடுங்கள். பனை நட ஆசையிருந்தால் கரை அடியிலிருந்து நன்றாகத் தள்ளி நடுங்கள். கரைக்கு அருகம்புல் போதும். வெட்டிவேரும் அருமையாகப் பிடிக்கும். நொச்சிக்காடு பக்கம் வெட்டிவேர் விவசாயமே நடப்பதால் நாற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நட்டவர் அதை வேருக்காக அறுவடை செய்ய ஆசைப்பட்டால் கரையைத் தோண்டுவார். வேரில் காசு இருக்கிறது என்று தெரிந்த மாவட்டம் நம்முடையது. அந்த வில்லங்கம் வேண்டாமென்றால் அருகம்புல்லோடு நின்றுகொள்ளலாம்.

போர்வெல் விஷயத்துக்கு வருகிறேன். ஊரின் தேவை நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒரு நடுவழி இருக்கிறது. குழாய் வாயைச் சுற்றி ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிணறு போலச் சுவர் எழுப்பினால், அடியில் ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கும், அதற்கு மேல் வருவது சுவர் வழியாக விழுந்து குழாயில் போகும். பள்ளத்தின் அடிப்பகுதி குறுகல் என்பதால் அந்த ஒரு மீட்டரில் மொத்தக் கொள்ளளவில் இருபதில் ஒரு பங்குதான் பெரும்பாலும் போகும். வெள்ளத்துக்கான இடம் பெரிதாகக் குறையாது. வண்டலும் அங்கே தங்கும், குழாய்க்குள் வராது. ஆனால் இதைச் செய்வதற்கு முன் கசிவுப் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். கசிகிற கரைக்குப் பின்னால் நிரந்தரமாகத் தண்ணீர் நிறுத்துவது அறிவில்லை. சுவரின் வாய் அகலத்தையும் கணக்குப் போட்டுத்தான் வைக்க வேண்டும். மேஸ்திரி கண் அளவில் கட்டினால் குழாய் பாதிதான் ஓடும்.

நிலத்தடி நீருக்கு இதைவிட நல்ல இடம் அணைக்கு மேலே உள்ள முந்திரிக் காடு. சமமட்ட வரப்பு, பண்ணைக் குட்டை, ஓடை தொடங்கும் இடங்களில் கல் தடுப்பு. ஆரோவில் மேட்டில் இதே செம்மண்தான். மழை அரித்துக் கிழித்த பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். 1968-ல் அங்கே குடியேறியவர்கள் வரப்பும் தடுப்பும் மரமுமாகப் போட்டு அந்த மண்ணைப் பிடித்து நிறுத்தினார்கள். மேலே மழை இறங்க இறங்க உங்கள் அணைக்கு வருவதும் குறையும், வண்டலும் குறையும். அணைக்குள் வண்டல் சேர்ந்துவிட்டால் தாசில்தார் அனுமதியோடு வயலுக்கு எடுத்துக்கொள்ளலாம். கரை அடியை மட்டும் தோண்டவிடாதீர்கள். அங்கே படிந்திருக்கும் களிமண் கசிவைத் தடுக்கிறது.

இதையெல்லாம் யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். 2021-ன் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10-லிருந்து 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைக்கு உட்பட்டவற்றுக்கும்தான். உங்கள் 6 மீட்டர் அதற்குள் வராது. வெள்ளக் கணக்குக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் "சிறிய அணை" என்பதே 5 லட்சம் கன மீட்டரில்தான் தொடங்குகிறது. அந்தச் சிறிய அணைக்கே நூறு ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய வெள்ளத்துக்குக் கலங்கல் வைக்கச் சொல்கிறார்கள். நூறு ஆண்டு என்றதும் நம் காலத்தில் வராது என்று நினைக்க வேண்டாம். வருஷத்துக்கு நூறில் ஒரு வாய்ப்பு என்றால், முப்பது வருஷத்தில் அது வர வாய்ப்பு நாலில் ஒன்றுக்கு மேல். ஆக, சட்டப்படி ஆண்டுதோறும் வந்து பார்க்க யாரும் கட்டாயப்படுத்தப்படாத அணை உங்களுடையது. கட்டியது நீர்வளத்துறையா, ஊராட்சி ஒன்றியமா, வேளாண் பொறியியல் துறையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வரைபடமும் மதிப்பீடும் அவர்களிடம்தான் இருக்கும்.

சொல்லத் தயங்குகிற ஒன்றும் உண்டு. அணை வந்த பிறகு ஓடைக்கரையில் புதிதாக எத்தனை வீடு எழும்பியிருக்கிறது? அணை இருக்கிறது என்ற தைரியத்தில் ஓடைப் புறம்போக்கில் மனை போடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. கட்டும்போது கீழே பத்து வீடு இருந்து இப்போது நாற்பது ஆகியிருந்தால், அதே கரை, அதே கலங்கல், ஆனால் உடைந்தால் போகிற உயிர் நாலு மடங்கு. ஊராட்சி அதைத் தடுக்காவிட்டால் நான் மேலே எழுதிய எதுவும் போதாது.

மனு எழுதும்போது எல்லாவற்றையும் ஒரே தாளில் கொட்டாதீர்கள். அப்படிக் கொட்டினால் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதில் வரும். கம்பித் தடுப்பு, கலங்கல் வாய்க்காலைச் சுத்தம் செய்வது, ஒரு லோடு மணலும் ஜல்லியும்: இது மூன்றும் சின்ன மதிப்பீடு, ஐப்பசிக்கு முன் முடியும். முதலில் அதைக் கேளுங்கள். கசிவுக்குத் தனி மனு, பாட்டிலில் பிடித்த தண்ணீரின் படமும் தேதியும் சேர்த்து. குழாய் வாய்ச் சுவர் அடுத்த கோடைக்கு.